எந்த விபிஎன்னை நம்பி வாங்குவது? தள்ளுபடிக் கடிகாரம் ஓடுகிறது, உதவி தேவை

மழைக்குருவி:

வணக்கம் எல்லோருக்கும். நம் நெட் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் சேவை ஒன்றை வாங்கலாம் என்று உட்கார்ந்து மூன்று நாள் ஆகிறது. இன்னும் வாங்கவில்லை.

நேற்று ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் "85 சதவீதத் தள்ளுபடி, இன்னும் 14 நிமிடம்தான்" என்று சிவப்பில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பதறிப்போய் கார்டை எடுத்து வந்து உட்கார்ந்தேன். அதற்குள் நெட் ஒரு நொடி போய் வந்ததில் பக்கம் மறுபடி லோட் ஆனது. கடிகாரம் திரும்ப 15 நிமிடத்தில் இருந்து இறங்க ஆரம்பித்தது! கார்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

என் தேவை இதுதான். மொழிபெயர்ப்பு வேலை, பாதி நாள் வெளியே ஏதாவது பொது வைஃபையில் இருப்பேன். வீட்டில் இருக்கும்போது நான் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறேன் என்று நெட் கொடுக்கும் நிறுவனம் குறித்து வைப்பது பிடிக்கவில்லை. பெரிய ரகசியம் எதுவும் என்னிடம் கிடையாது. ஆனாலும் கதவைச் சாத்திக்கொள்ள ரகசியம் இருந்தாக வேண்டுமா என்ன?

எல்லா விபிஎன் தளங்களும் "நாங்கள் லாக் (பயன்பாட்டுப் பதிவு) வைப்பதில்லை" என்றே சொல்கின்றன. எதை வைத்துத் தரம் பிரிப்பது?

சுண்டெலி:

ஏன் இவ்வளவு யோசனை? "டாப் 10" பட்டியல் ஒன்றைத் திறந்து முதலில் இருப்பதை வாங்குங்கள். நான் அப்படித்தான் இரண்டு வருடத்துக்கு எடுத்தேன். வேகமாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை.

பேனாமூடி:

சுண்டெலி சகோ, அந்தப் பட்டியல்களில் சிலவற்றை எழுதியவன் நான்.

ஒரு வருடம் போல ஒரு விமர்சனத் தளத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். ஒவ்வொரு மாதமும் எங்களுக்கு ஒரு எக்செல் தாள் வரும். முதல் பத்தியில் விபிஎன் பெயர், இரண்டாவதில் ஒரு சந்தா விற்றால் நமக்கு எவ்வளவு கமிஷன், மூன்றாவதில் பட்டியலில் எந்த இடம். இரண்டாம் பத்தியைப் பெரியதில் இருந்து சிறியதாக அடுக்கினால் மூன்றாம் பத்தி தானாக வந்துவிடும். ஒரு தடவை நடுமாதத்தில் ஒரு கமிஷன் ஏறியது. அன்று மாலைக்குள் ஐந்தாம் இடம் இரண்டாம் இடமாகிவிட்டது. நான் அந்த ஆப்பை இன்ஸ்டால்கூடச் செய்து பார்த்ததில்லை.

நடுநிலைமை போலத் தெரிய வேண்டும் என்பதற்காக "குறைகள்" என்று மூன்று வரி கட்டாயம். அவை யாரையும் வாங்கவிடாமல் தடுக்காத குறைகளாக இருக்க வேண்டும். "லைவ் சாட்டில் சில சமயம் இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டியுள்ளது" என்பது என் கைவண்ணம். நான்கு நிறுவனங்களுக்கு அதே வரியைப் போட்டிருக்கிறேன்.

இது சின்ன அளவில் நடந்தது. பெரிய அளவிலும் உண்டு. சைபர்கோஸ்ட், பிஐஏ (பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ்), எக்ஸ்பிரஸ்விபிஎன் ஆகிய மூன்று விபிஎன்களுமே கேப் டெக்னாலஜிஸ் என்ற ஒரே குழுமத்தின் கையில் இருக்கின்றன. அதே குழுமம் 2021இல் விபிஎன்மென்டார் என்ற விமர்சனத் தளத்தை நடத்தும் நிறுவனத்தையும் வாங்கியது. கடையும் அவர்களுடையது, "எந்தக் கடை நல்ல கடை" என்று சொல்கிற ஆளும் அவர்களுடைய ஆள்.

அதனால் நான் முதலில் பார்ப்பது, விற்றுக் கொடுப்பவர்களுக்குக் கமிஷன் தரும் நிறுவனமா என்பதை. முல்வாட், ஐவிபிஎன் என்ற இரண்டு விபிஎன் நிறுவனங்களும் தருவதில்லை. பல பட்டியல்களில் அவற்றைக் காணாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கம்பிவடம்:

நான் ஒரு அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். மழைக்குருவி கேட்டதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்து பதில் சொல்கிறேன், அதாவது என் திரையில் என்ன தெரியும் என்று.

விபிஎன் இல்லாத லேப்டாப் ஒன்று: காலை 10.02, இன்ன சாதனம், ஒரு செய்தித் தளம். 10.05, ஒரு வங்கி. 10.09, வேலை வாய்ப்புத் தளம் (யாரோ வேலை தேடுகிறார்!). தளத்தின் பெயர் தெரியும், எத்தனை மெகாபைட் போனது வந்தது என்று தெரியும். உள்ளே என்ன படித்தார், என்ன தட்டினார், பாஸ்வேர்டு என்ன என்பதெல்லாம் தெரியாது. இப்போது பெரும்பாலான தளங்கள் ஹெச்டிடிபிஎஸ்தான், அதாவது உங்களுக்கும் தளத்துக்கும் இடையே போவது பூட்டியே போகும். பொது வைஃபையில் உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரர் பாஸ்வேர்டைத் திருடுவார் என்று விளம்பரங்கள் பயமுறுத்துவது பெரும்பாலும் பழைய கதை.

விபிஎன் போட்ட லேப்டாப்: 10.02 முதல் 17.40 வரை ஒரே ஒரு முகவரி, யுடிபி 51820 என்ற ஒரே போர்ட், மொத்தம் 1.8 ஜிபி. அவ்வளவுதான். அவர் வேலை தேடினாரா, பாட்டு கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரியாமல் போனது அத்தனையும் விபிஎன் என்ற சுரங்கத்தின் அந்த முனையில் இருப்பவருக்கு, அதாவது விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். பார்க்கிற ஆள் மாறினான், பார்வை மாறவில்லை. என்னை நம்பாமல் அவரை நம்பலாம் என்பதற்கு உங்களிடம் காரணம் இருக்க வேண்டும். காரணம் இல்லாமல் போனால் பாம்புக்குப் பயந்து புலி வாயில் விழுந்த கதைதான்.

இன்னொன்று. விபிஎன் போட்டுக்கொண்டு உங்கள் பெயரில் உள்ள மெயிலில் லாகின் செய்தால் அந்த நிறுவனத்துக்கு நீங்கள் நீங்கள்தான். குக்கி, பிரவுசரின் கைரேகை (உங்கள் பிரவுசரைத் தனித்துக் காட்டும் அதன் அமைப்புகள்) எதுவும் ஐபி (உங்கள் இணைப்பின் முகவரி எண்) மாறியதால் மாறுவதில்லை. விளம்பரக்காரர்களிடம் இருந்து தப்பிப்பதுதான் நோக்கம் என்றால் முதலில் பிரவுசரைச் சரி செய்யுங்கள், அது இலவசம்.

மழைக்குருவி:

பேனாமூடி சொன்னதைப் படித்துவிட்டு நான் புக்மார்க் செய்து வைத்திருந்த நான்கு பட்டியல்களையும் அழித்துவிட்டேன். கம்பிவடம் சொல்வது புரிகிறது. சரி, அந்த முனையில் இருப்பவரை நம்புவதற்கான காரணம் எப்படி இருக்கும்? அவர் சொல்வதைத் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

பழைய மோடம்:

அவர் சொல்வதை ஓரமாக வைத்துவிட்டு, போலீஸ் கதவைத் தட்டிய நாளில் என்ன நடந்தது என்று பாருங்கள். அதைவிட நல்ல பரீட்சை எனக்குத் தெரியாது. பல வருடமாக இதைக் கவனித்து வருகிறேன், நினைவில் இருப்பதைச் சொல்கிறேன்.

2011. லல்ஸ்செக் என்ற ஹேக்கர் கும்பல் சோனி பிக்சர்ஸ் தளத்தில் புகுந்தது. அதில் ஒருவர் ஹைட்மைஆஸ் என்ற பிரிட்டிஷ் விபிஎன்னைப் பயன்படுத்தியிருந்தார். நீதிமன்ற உத்தரவு வந்தது, நிறுவனம் லாக்கைக் கொடுத்தது, அவர் பிடிபட்டார். குற்றவாளி பிடிபட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் லாக் இருந்தது என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

2016. ஐபிவானிஷ் என்ற விபிஎன். லாக் வைப்பதில்லை என்று தளத்தில் எழுதியிருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கேட்டபோது ஒரு பயனரின் விவரங்கள் போய்ச் சேர்ந்தன. இது வெளியே தெரிந்தது 2018இல். அதற்குள் நிறுவனம் வேறு கைக்கு மாறியிருந்தது. பழைய ஓனர் காலத்தில் நடந்தது என்றார்கள்.

2017. பியூர்விபிஎன். என்னைப் பொறுத்தவரை இதுதான் பாடம். ஒரு பெண்ணைப் பல மாதம் இணையத்தில் துரத்தித் துன்புறுத்திய ஆளை எஃப்பிஐ தேடியது. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை நாங்கள் பதிவதில்லை என்பது நிறுவனத்தின் வாக்கு. அந்த வாக்கு பொய்யில்லை! ஆனால் யார், எந்த ஐபியில் இருந்து தங்களிடம் வந்து இணைந்தார் என்பதைப் பதிந்து வைத்திருந்தார்கள். ஒரே கணக்கு அவருடைய வீட்டில் இருந்தும் வேலை செய்த இடத்தில் இருந்தும் இணைந்திருக்கிறது என்பது அதில் தெரிந்தது. ஆளைப் பிடிக்க அது போதுமானதாக இருந்தது.

"லாக்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள் இருக்கின்றன. நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது ஒன்று. நீங்கள் எப்போது, எங்கிருந்து வந்தீர்கள் என்பது இன்னொன்று. விளம்பரம் முதலாவதை இல்லை என்று சொல்லும், இரண்டாவதைப் பற்றி வாய் திறக்காது. தனியுரிமைக் கொள்கையில் "இணைப்பு நேரம்", "மூல ஐபி", "சாதன அடையாளம்" என்ற சொற்கள் வருகின்றனவா என்று தேடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இனி மறுபக்கம். பிஐஏ 2016இல் ஒரு வெடிகுண்டு மிரட்டல் வழக்கில் எஃப்பிஐக்குக் கொடுக்க முடிந்தது அமெரிக்காவின் கிழக்குக் கரைப் பகுதியில் தங்கள் ஐபி தொகுதி ஒன்று இருக்கிறது என்பதை மட்டும்தான். துருக்கியில் ரஷ்யத் தூதர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் எக்ஸ்பிரஸ்விபிஎன்னின் சர்வரையே தூக்கிக்கொண்டு போனார்கள், பயனுள்ளதாக எதுவும் கிடைக்கவில்லை. 2023 ஏப்ரல் 18 அன்று ஸ்வீடனில் முல்வாட் அலுவலகத்துக்கு ஆறு போலீஸ்காரர்களாவது தேடுதல் ஆணையோடு வந்தார்கள். நீங்கள் தேடுவது எங்களிடம் இல்லை, எங்கள் அமைப்பு இப்படித்தான் வேலை செய்கிறது என்று விளக்கியிருக்கிறார்கள். ஒரு கம்ப்யூட்டரைக்கூட எடுக்காமல் திரும்பிப் போனார்கள்.

இல்லாததை யாராலும் கொடுக்க முடியாது.

சுண்டெலி:

சரி, பேனாமூடியிடம் நான் தோற்றுவிட்டேன். ஆனால் பழைய மோடம், நீங்களே பிஐஏவும் எக்ஸ்பிரஸ்விபிஎன்னும் பரீட்சையில் தேறின என்கிறீர்கள். அவை இரண்டும் அந்தக் கேப் குழுமம். பிறகு என்ன குறை? போதாததற்கு பெரிய நிறுவனங்கள் வெளி ஆடிட்டர்களை வைத்துச் சோதித்து அறிக்கை வெளியிடுகின்றன. டெலாய்ட், கேபிஎம்ஜி எல்லாம் சின்ன ஆட்களா?

பழைய மோடம்:

நியாயமான கேள்வி. ஆனால் தேதிகளைப் பாருங்கள். பிஐஏவின் வழக்கு 2016இல், கேப் அதை வாங்கியது 2019இல். எக்ஸ்பிரஸ்விபிஎன்னின் சர்வர் விஷயம் 2017இல் வெளியே வந்தது, கேப் வாங்கியது 2021இல். தேறிய மாணவர் ஒருவர், இப்போது அந்தப் பெயரில் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர் இன்னொருவராகவும் இருக்கலாம். கெட்டவர் என்று சொல்லவில்லை. சான்றிதழ் பழையது என்கிறேன்.

கேப்பின் பழைய பெயர் கிராஸ்ரைடர். பிரவுசர் நீட்சிகள் உருவாக்குவதற்கான கருவி ஒன்றை வைத்திருந்தார்கள், அதை ஆட்வேர் (விளம்பரம் திணிக்கும் மென்பொருள்) பரப்புகிறவர்கள் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். 2018இல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். மனிதர்கள் திருந்துவது போல நிறுவனமும் திருந்தலாம். நான் என் டிராஃபிக்கை அங்கே ஒப்படைக்க மாட்டேன், அவ்வளவுதான். இது ஆதாரம் சார்ந்த முடிவு இல்லை, மனசு சார்ந்த முடிவு. மழைக்குருவிக்கு வேறு மாதிரித் தோன்றலாம்.

ஆடிட் பற்றிக் கம்பிவடம் சொல்வார்.

கம்பிவடம்:

ஆடிட் நல்லதுதான். இல்லாததற்கு இருப்பது மேல். ஆனால் அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். எதைச் சோதித்தார்கள்? ஆப்பின் பாதுகாப்பையா, சர்வரில் லாக் இருக்கிறதா என்பதையா? இரண்டும் வேறு வேலை. ஆப்பைச் சோதித்த அறிக்கையை வைத்துக்கொண்டு லாக் கொள்கை நிரூபணம் ஆனது என்பது போல விளம்பரம் செய்பவர்கள் உண்டு. முழு அறிக்கையும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கிறதா, அல்லது "தேறிவிட்டோம்" என்ற ஒரு பதிவு மட்டுமா? மேலும், ஆடிட்டர் போன மறுநாள் அமைப்பை மாற்றினால் அவருக்கு எப்படித் தெரியும்? அது ஒரு நாள் எடுத்த புகைப்படம்.

நான் அதைவிட அதிகமாகப் பார்ப்பது, தப்பு நடந்தபோது எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை. 2021இல் உக்ரைனில் விண்ட்ஸ்கிரைப் என்ற விபிஎன்னின் இரண்டு சர்வர்கள் பறிமுதல் ஆயின. அவற்றின் வட்டுகள் என்கிரிப்ட் செய்யப்படாமல் (பூட்டப்படாமல்) இருந்தன, ஓப்பன்விபிஎன் என்ற இணைப்பு முறைக்கான சாவியும் உள்ளேயே இருந்தது. பெரிய கோட்டை விட்டுவிட்டோம், இப்படித்தான் நடந்தது, இனி சர்வர்களை நினைவகத்தில் மட்டும் (நிறுத்தினால் எல்லாம் அழிந்துவிடும்) ஓடும்படி மாற்றுகிறோம் என்று அவர்களே எழுதினார்கள். நார்ட்விபிஎன் விஷயத்தில், 2018 மார்ச்சில் ஃபின்லாந்தில் ஒரு சர்வருக்குள் யாரோ புகுந்ததை உலகம் அறிந்தது 2019 அக்டோபரில், அதுவும் வெளியே பேச்சு அடிபட்ட பிறகு. இரண்டு தவறில் எது பெரியது என்பது வேறு விவாதம். இரண்டில் எந்தக் குணம் உங்களுக்குப் பிடிக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

ஓசிக்காரன்:

இவ்வளவு நீளமாகப் பேசுகிறீர்கள், ஆப் ஸ்டோரில் இலவசமாகவே நூறு இருக்கின்றனவே?

நிலாமுற்றம்:

ஓசிக்காரரே, பெயருக்கு ஏற்ற கேள்வி. 😄

ஆண்ட்ராய்டில் இருந்த 283 விபிஎன் ஆப்களை ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 38 சதவீத ஆப்களில் மால்வேர் இருப்பதற்கான அறிகுறி. 18 சதவீதம் என்கிரிப்டே செய்யவில்லை. விபிஎன் என்று பெயர், சுரங்கத்துக்குக் கூரையே இல்லை!

2013இல் ஃபேஸ்புக் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கி இலவச விபிஎன் ஆப் ஒன்றைக் கொடுத்தது. மக்கள் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்பதை அதை வைத்தே தெரிந்துகொண்டது. ஆப்பிள் 2018இல் அதை ஸ்டோரை விட்டு விலக்க வைத்தது. ஹோலா வேறு ரகம். உங்களுக்கு இலவசம், பதிலுக்கு உங்கள் நெட் இணைப்பையே இன்னொருவருக்கு விற்றது. முன்பின் தெரியாத யாரோ செய்கிற காரியம் உங்கள் ஐபியில் இருந்து போகும்.

2020இல் யுஎஃப்ஓ விபிஎன் என்ற ஹாங்காங் நிறுவனம். லாக் வைப்பதில்லை என்றது, ஆனால் பாஸ்வேர்டு உட்பட லாக் எல்லாம் பூட்டில்லாத டேட்டாபேஸில் திறந்து கிடந்தது.

இலவசம் என்றாலே மோசம் என்று சொல்லவில்லை. புரோட்டான்விபிஎன்னின் இலவசத் திட்டத்தில் விளம்பரமும் கிடையாது, டேட்டா அளவுக் கட்டுப்பாடும் கிடையாது. பணம் கட்டுகிறவர்கள் கொடுப்பதில் அது ஓடுகிறது. வருமானம் எங்கிருந்து என்று கேட்டால் பதில் கிடைக்கிறது. பதில் கிடைக்காத இடத்தில்தான் பயப்பட வேண்டும்.

அப்புறம், யாருமே இன்னும் பேசாத ஒன்று. மழைக்குருவிக்கு நெட் நிறுவனத்திடம் இருந்து மறைந்தால் போதும். ஆனால் இதைப் படிக்கிற வேறு யாராவது அரசின் கோபத்துக்கு ஆளாகக்கூடிய வேலையில் இருக்கலாம். பத்திரிகையாளர்கள், போராட்டக்காரர்கள். நான் அப்படிப்பட்டவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறேன். அவர்களிடம் நான் விபிஎன் பெயரையே எடுப்பதில்லை, டோர் பிரவுசரில் இருந்து ஆரம்பிக்கிறேன். விபிஎன்னில் ஒரே நிறுவனத்துக்கு உங்களையும் தெரியும், நீங்கள் போகிற இடத்தையும் தெரியும். டோரில் மூன்று கை மாறிப் போகும். முதல் கைக்கு உங்களைத் தெரியும், இடம் தெரியாது. கடைசிக் கைக்கு இடம் தெரியும், உங்களைத் தெரியாது. மெதுவாகத்தான் இருக்கும், படம் பார்க்க ஆகாது. கேட்கிறவர்களிடம் அதையும் சொல்லிவிடுகிறேன்.

2021இல் ஒரு பிரெஞ்சுப் பருவநிலைப் போராளியின் ஐபியைப் பதியும்படி சுவிஸ் அதிகாரிகள் புரோட்டான்விபிஎன்னை நடத்தும் அதே நிறுவனத்தின் புரோட்டான் மெயிலுக்கு உத்தரவிட்டார்கள். அது பதிந்து கொடுத்தது. அந்த நாட்டுச் சட்டப்படி மறுக்க வழியில்லை. விபிஎன்னுக்கு அங்கே சட்டம் வேறு என்று நிறுவனம் விளக்கியது. அந்த விளக்கத்தை நான் நம்புகிறேன். ஆனாலும் ஒரு நல்ல நிறுவனமும் தன் நாட்டுச் சட்டத்துக்கு மேல் போக முடியாது என்பதை அன்று நிறையப் பேர் கற்றுக்கொண்டார்கள்.

மழைக்குருவி:

நிலாமுற்றம், நாடு முக்கியம் என்றால் உளவுத் தகவல்களைப் பகிர்ந்துகொள்ளும் அந்த "பதினான்கு கண்கள்" நாடுகளின் கூட்டணியில் இல்லாத நாடாகப் பார்த்து எடுக்க வேண்டுமா? எல்லா விளம்பரத்திலும் அதையே சொல்கிறார்கள்.

நிலாமுற்றம்:

அந்தக் கணக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை. போலீஸ் வெறும் கையோடு போன ஸ்வீடன் அந்தப் பதினான்கில் ஒன்று. பியூர்விபிஎன் அன்று இருந்தது ஹாங்காங்கில், பதினான்கிலும் சேராத இடம்.

நான் பார்ப்பது, விபிஎன் நிறுவனம் கட்டாயம் பதிவு வைக்க வேண்டும் என்று அந்த நாட்டில் விதி இருக்கிறதா என்பதைத்தான். 2022இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், வாடிக்கையாளர் பெயர், முகவரி, கொடுத்த ஐபி எல்லாவற்றையும் ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்ட் மூன்றும் அங்கே இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. அப்படிப்பட்ட நேரத்தில் உங்கள் நிறுவனம் விதிக்குப் பணிந்து லாக் வைக்குமா, கடையைக் காலி செய்யுமா? பழைய செய்திகளைத் தேடினால் பதில் கிடைக்கும்.

பேனாமூடி:

இன்னொரு சின்ன சோதனை சொல்கிறேன். கணக்கு தொடங்கும்போது உங்களிடம் என்னென்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். முல்வாட் ஒரு பதினாறு இலக்க எண்ணைக் கொடுக்கும், அதுதான் கணக்கு. மெயில் இல்லை, பெயர் இல்லை, பாஸ்வேர்டுகூட இல்லை. பணத்தை உறையில் போட்டு அஞ்சலில் அனுப்பலாம். ஒரு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் மாத விலை ஒன்றே, தள்ளுபடிக் கடிகாரம் கிடையாது. தானாகப் பணம் எடுக்கும் சந்தாவையும் 2022இல் நிறுத்திவிட்டார்கள். அந்த வசதிக்கு வாடிக்கையாளரைப் பற்றிய விவரங்களைச் சேமித்து வைக்க வேண்டியிருக்கிறது என்பது காரணம். வருமானம் குறையும் என்று தெரிந்தே செய்தார்கள். கமிஷன் எக்செல் பார்த்த கண்ணுக்கு அது ஆச்சரியமாகத்தான் இருந்தது.

டொரண்ட்_தாத்தா:

அதே முல்வாட்தான் 2023இல் போர்ட் ஃபார்வர்டிங்கை (வெளியில் இருப்பவர்கள் நம் கணினியோடு நேராக இணைய வழிவிடும் வசதி) தூக்கியது. சிலர் அதைக் கெட்ட காரியத்துக்குப் பயன்படுத்தினார்களாம். எங்களைப் போன்றவர்கள் அன்றே மூட்டை கட்டிவிட்டோம். கொள்கை நல்ல கொள்கை, என் வேலைக்கு ஆகவில்லை. இதையும் எழுதி வையுங்கள்.

பழைய மோடம்:

தாத்தா சொல்வது முக்கியம். எல்லாம் ஒரே கடையில் கிடைக்காது.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், நான் பட்ட அனுபவம். ஒரு விபிஎன்னை எட்டு மாதம் நிம்மதியாகப் பயன்படுத்தினேன். ஒரு நாள் தற்செயலாக ஒரு கணக்கின் லாகின் வரலாற்றைத் திறந்தேன். விபிஎன் ஊரின் ஐபி, என் சொந்த ஐபி, மறுபடி விபிஎன் ஐபி, மறுபடி என் ஐபி. மாறி மாறி, மாதக் கணக்கில். லேப்டாப்பை மூடித் திறக்கும் ஒவ்வொரு தடவையும், விபிஎன் இணைவதற்கு முந்தைய ஏழெட்டு நொடியில், ஃபைல் சிங்க் செய்யும் ஆப் முந்திக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறது. விபிஎன் அறுந்தால் நெட்டையே நிறுத்திவிடும் கில் சுவிட்ச் என்ற ஒரு பொத்தான் செட்டிங்ஸில் இருந்தது. ஆஃப்பில் இருந்தது, நான் தொட்டதே இல்லை.

அதைப் போடுங்கள். போட்ட பிறகு, விபிஎன் இணைப்பை (ஆப்பின் நிறுத்து பொத்தானால் அல்ல) வலுக்கட்டாயமாக அறுத்துவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறக்கக் கூடாது.

கம்பிவடம்:

டிஎன்எஸ் கசிவு (தளப் பெயர்த் தேடல் விபிஎன்னுக்கு வெளியே போவது), ஐபிவி6 கசிவு (உங்கள் புது வகை ஐபி முகவரி வெளியே தெரிவது) இரண்டையும் பாருங்கள். பொது வைஃபையில் இருப்பேன் என்று சொன்னதால் இன்னொன்று: 2024 மே மாதம் டனல்விஷன் என்ற ஒரு குறை வெளியானது. வைஃபையை நடத்துகிறவர், இணைபவருக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி என்ற முறையின் 121ஆம் விருப்பம் வழியாக உங்கள் கணினியிடம் "இந்த வழியே போ" என்று சொன்னால், டிராஃபிக் சுரங்கத்தை விட்டு வெளியே போகும். விபிஎன் இணைந்திருப்பதாகவே திரை காட்டும். ஆண்ட்ராய்டு அந்த விருப்பத்தைக் கண்டுகொள்வதே இல்லை, அதனால் தப்பியது. வெளியே இருக்கும்போது உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டை எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

மழைக்குருவி:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மெயில் கேட்காத ஒரு சின்ன நிறுவனத்தில் ஒரே ஒரு மாதத்துக்கு எடுத்தேன். வெளியே போனால் போன் ஹாட்ஸ்பாட். பிரவுசரையும் மாற்றினேன்.

முதல் நாளே கசிவுச் சோதனைப் பக்கத்தில் என் பழைய ஐபிவி6 முகவரி பளிச்சென்று நின்றது. மேலே விபிஎன் ஐபி, கீழே அசல் நான். ஆப்பில் ஐபிவி6க்கு ஒரு டிக் பெட்டி இருந்தது. அதைத் தட்டியதும் போய்விட்டது. யாரும் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அந்தப் பக்கத்தைத் திறந்தே இருக்க மாட்டேன்.

கில் சுவிட்ச் போட்டு, அறுத்துப் பார்த்தேன். பக்கம் திறக்கவில்லை. திறக்காத பக்கத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஒரே தொல்லை, வங்கி ஆப் உள்ளே விட மறுக்கிறது. விபிஎன்னை நிறுத்தினால்தான் வேலை செய்கிறது.

கம்பிவடம்:

ஸ்பிளிட் டனலிங் என்று செட்டிங்ஸில் இருக்கும். அந்த ஆப்பை மட்டும் சுரங்கத்துக்கு வெளியே விடுங்கள். நீங்கள் யார் என்று வங்கிக்கு எப்படியும் தெரியும்.

சுண்டெலி:

எனக்கு இன்னும் பதினான்கு மாதச் சந்தா பாக்கி இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டா, பேனாமூடி?

பேனாமூடி:

முதல் முப்பது நாள் தாண்டிவிட்டால் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் கணக்குப் பக்கத்துக்குப் போய் "தானாகப் புதுப்பி" என்பதை இப்போதே ஆஃப் செய்யுங்கள். நீங்கள் கட்டிய தள்ளுபடி விலை முதல் தவணைக்கு மட்டும்தான். புதுப்பிக்கும் விலை அந்தப் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருக்கும். அந்த வரியை எங்கே போட வேண்டும் என்பதற்கும் எங்களுக்கு ஒரு குறிப்பு வந்தது.

சுண்டெலி:

பார்த்தேன். கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஆஃப் செய்துவிட்டேன்.